லாரிக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு என்ன பெயர்?

நீளமான பதிவுதான். பாதியில் விட்டுவிடாமல் படியுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பையன் சைட் வேலைக்குப் போகிறான் என்றால், கட்டாயம் படியுங்கள்.

போன வாரம் ஒரு தகப்பனார் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். "டீச்சர், எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. என்ன எழுதியிருக்காங்கன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார். அவருடைய மகன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். இப்போது இருபது வயது. பெயர் வேண்டாம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். வலது கால் முழங்காலுக்கு மேல் எடுத்தாகிவிட்டது.

ஒரு பெரிய கிடங்கு கட்டும் இடத்தில் ஹெல்பர் வேலை. சேர்ந்து பதினோரு நாள். பத்து நாள் சிமென்ட் மூட்டை தூக்கினான். பதினோராவது நாள், வழக்கமாக டிப்பருக்குச் சைடு பார்க்கிற ஆள் வரவில்லை. "டேய், நீ போய்ப் பின்னாடி நின்னு வா வா சொல்லு" என்று சூப்பர்வைசர் அனுப்பியிருக்கிறார். போனான். மண் ஏற்றிய பத்துச் சக்கர டிப்பர் பின்னால் வருகிறது. இவன் அதற்கு நேர் பின்னால், வண்டியைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்துகொண்டு "வா… வா… வா…" என்கிறான். முதுகுக்குப் பின்னால் ஜல்லிக் குவியல். கால் இடறியது. விழுந்தான். டிரைவருக்குத் தெரியவில்லை. வண்டி வந்தது.

கவரில் இருந்தது விபத்து அறிக்கை. இரண்டு பக்கம். 'வேலை' என்ற இடத்தில் 'ஹெல்பர்'. 'விபத்துக்கான காரணம்' என்ற இடத்தில் ஒரே வரி: தொழிலாளியின் கவனக்குறைவு.

அந்த வரியை அந்தத் தகப்பனாருக்குத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப தப்பு அவன் மேலதானா டீச்சர்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

"ரிட்டயர்டு டீச்சருக்கு லாரியைப் பற்றி என்ன தெரியும்?" என்று கமென்ட் போட வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இன்ஜினியர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த இடைநிலை ஆசிரியை, அவ்வளவுதான். ஆனால் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள். இந்த விபத்தைப் புரிந்துகொள்ள எட்டாம் வகுப்பு அறிவியல் போதும்.

முதல் பாடம், ஒளி எதிரொளிப்பு. கண்ணாடியில் நான் உங்கள் கண்ணைப் பார்க்க முடிந்தால், நீங்களும் என் கண்ணைப் பார்க்க முடியும். ஒளி போன வழியே திரும்பியும் வரும். லாரிக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம். பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உனக்குத் தெரியவில்லையா? அப்படியானால் நீ அவருக்குத் தெரியவே மாட்டாய். டிப்பரின் நேர் பின்புறம் எந்தப் பக்கக் கண்ணாடியிலும் விழாது. நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இரும்புத் தொட்டி நிற்கிறது. அந்தப் பையனை நிற்க வைத்த இடம், டிரைவரால் எந்த வகையிலும் பார்க்க முடியாத இடம்.

இரண்டாம் பாடம், வேகமும் நேரமும். வண்டி மெதுவாகத்தான் வந்தது என்றார்கள். மணிக்கு 5 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு கிட்டத்தட்ட 1.4 மீட்டர். பையன் வண்டிக்கு இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அவனுக்கு இருப்பது ஒன்றரை நொடிக்கும் குறைவு. அதற்குள் அவன் கத்த வேண்டும். ஜெனரேட்டர் சத்தத்தைத் தாண்டி அது டிரைவர் காதில் விழ வேண்டும். அவர் கால் பிரேக்குக்குப் போக வேண்டும். லோடோடு சுமார் 28 டன் வரை வருகிற வண்டி நிற்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? இருபது வயதுப் பையனைப் பார்க்கவே முடியாத இடத்தில் நிறுத்தி, தப்பிக்கவே முடியாத நேரத்தைக் கொடுத்துவிட்டு, அவன் கவனமாக இல்லை என்று எழுதுகிறார்கள். பரீட்சையில் பாடமே நடத்தாத கேள்வியைக் கேட்டுவிட்டு, பையன் மக்கு என்று சொல்கிற வாத்தியார் மாதிரி இருக்கிறது.

இப்போது மொழிக்கு வருவோம். நம் ஊரில் வண்டிக்கு வழி சொல்லும் மொழி என்ன? "ரைட்." 'ரைட்' என்றால் போகலாம். அதே 'ரைட்' என்றால் வலது பக்கம். "லெஃப்ட்ல ஒடி" என்றால் யாருடைய லெஃப்ட்? டிரைவரைப் பார்த்து நிற்கிறவனின் இடது கை டிரைவருக்கு வலது பக்கம். டிரைவர் கண்ணாடியில் பார்ப்பதோ அதையும் இடம் வலமாக மாற்றிக் காட்டும் பிம்பம். பஸ் கண்டக்டருக்காவது ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ என்று ஒழுங்கு இருக்கிறது. சைட்டில் அதுகூடக் கிடையாது. ஒருவர் பாடியில் தட்டினால் நில் என்று அர்த்தம், இன்னொருவர் தட்டினால் வா என்று அர்த்தம்.

இன்னொன்றும் இருக்கிறது. இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் எந்த சைட்டுக்குப் போனாலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். டிரைவர் விழுப்புரத்துக்காரர், பின்னால் நிற்கிறவன் பீகார்க்காரன் என்றால், அவன் "ருக்கோ" என்று கத்தும்போது இவருக்கு என்ன புரியும்? வாய் மொழி உதவாத இடத்தில் கை மொழி வேண்டும். எல்லாரும் ஒரே மாதிரி கற்றுக்கொண்ட கை மொழி.

என் பக்கத்துத் தெருவில் ஒருவர் பதினான்கு வருடம் வளைகுடா நாட்டில் இருந்துவிட்டு வந்தார். அங்கே அவர் வேலைக்கு 'பேங்க்ஸ்மேன்' என்று பெயர். கிரேனுக்கும் லாரிக்கும் கையால் வழி சொல்கிற வேலை. பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டுதான் வேலையில் நிற்க முடியும் என்றார். மற்றவர்கள் போடும் சட்டைக்கும் இவர் சட்டைக்கும் நிறமே வேறாம், டிரைவர் குழம்பக்கூடாது என்று. அவர் சொன்ன ஒரு வார்த்தை மனதில் நின்றுவிட்டது: "டீச்சர், அங்க நான் கையைக் காட்டினா கிரேன் நிக்கும். இங்க தொண்டை கிழியக் கத்தினாலும் டிப்பர் நிக்காது." வளைகுடா ஒன்றும் சொர்க்கம் இல்லை. வெயிலில் நம் பிள்ளைகள் அங்கே படும் பாடும் எனக்குத் தெரியும். ஆனால் இந்த வேலை ஒரு வேலை என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இங்கே அதற்குப் பெயரே இல்லை. 'ஹெல்பர்' என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

அந்த டிப்பரின் ஒரு டயர் 20,000 ரூபாய்க்கு மேல். அந்த டயருக்கு நம்பர் உண்டு, எப்போது மாட்டியது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதி வைக்க நோட்டு உண்டு. அதற்கு இரண்டு மீட்டர் பின்னால் நிற்கிற பையனுக்கு ஒரு நோட்டும் இல்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கட்டடத் தொழிலாளர்களுக்காக 1996-ல் தனிச் சட்டமே வந்தது. 1998-ல் மத்திய விதிகள் வந்தன. மண் வேலை வண்டிகளுக்குப் பின்னால் வரும்போது ஒலிக்கும் அலாரம் வேண்டும், முன்னும் பின்னும் விளக்கு வேண்டும், பயிற்சி பெற்றவர்தான் ஓட்ட வேண்டும் என்றெல்லாம் அப்போதே எழுதியாகிவிட்டது. பாரம் தூக்கும் இயந்திரத்துக்குச் சைகை காட்டுகிறவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். எழுதிக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. சைட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அமெரிக்க விதி எளிமையானது. பின்புறம் சரியாகத் தெரியாத வண்டி என்றால், சுற்றியுள்ள சத்தத்தைத் தாண்டிக் கேட்கும் அலாரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓர் ஆள் நின்று 'வரலாம்' என்று சைகை காட்டினால் மட்டுமே பின்னால் எடுக்க வேண்டும். பிரிட்டனின் பாதுகாப்பு ஆணையம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேலையிடத்தில் வண்டியால் நேரும் சாவுகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று வண்டி பின்னால் வரும்போது நேர்கிறது என்கிறார்கள். அதனால் முதல் கேள்வியே, 'இந்த வண்டி பின்னால் வரத்தான் வேண்டுமா?' என்பதுதான். ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேற வழி போட்டால் ரிவர்ஸே வேண்டாமே! வேறு வழியில்லை என்றால்தான் ஆளை நிறுத்து என்கிறார்கள். நம் ஊரில் முதல் யோசனையே ஆளை நிறுத்துவதுதான். மனிதன்தான் மலிவு.

நம்மவர்கள் சொல்லும் சமாதானங்களையும் பார்த்துவிடுவோம்.

"இப்ப எல்லா வண்டியிலும் பீப் பீப் சத்தம் வருதே?" வருகிறது. நான்கு வண்டி ஒரே இடத்தில் நாள் முழுக்கக் கத்தினால் எது எங்கிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும்? வகுப்பில் நாற்பது பிள்ளைகள் கத்தும்போது யார் கூப்பிட்டது என்று எனக்கே தெரிந்ததில்லை. சில டிரைவர்கள் தொல்லை தாங்காமல் அந்த ஒயரைப் பிடுங்கியும் விடுகிறார்கள்.

"கேமரா மாட்டிட்டா போதும்." மாட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 2022 மார்ச்சில் சென்னையில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி ஒரு சின்னப் பிள்ளை இறந்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களில் கேமராவும் சென்சாரும் வேண்டும் என்று தமிழக அரசு விதியைத் திருத்தியது. நல்ல விஷயம். ஆனால் மண் சைட்டில் அரை மணி நேரத்தில் கேமரா மேல் சேறு அப்பிவிடும். யார் துடைப்பது? அந்தப் பையன்தான், வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு!

"டிரைவர்தான் பார்த்து ஓட்டணும்." அந்த டிரைவர் இப்போது வழக்கில் சிக்கியிருக்கிறார். அஜாக்கிரதையால் உயிர் போனால் முன்பு இரண்டு வருடம் வரை தண்டனை. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் ஐந்து வருடம் வரை. உயிர் போகவில்லை என்பதால் இவருக்கு அது இல்லை. ஆனாலும் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைவது அவர்தான். அவருக்கு நடைக்கு இவ்வளவு என்று சம்பளம். ஒரு நடை குறைந்தால் காசு குறையும். அவசரப்படுத்தியது யார்? டிரைவருக்கு எஃப்.ஐ.ஆர்., பையனுக்குக் 'கவனக்குறைவு'. வழியே போடாமல் ஜல்லியை நடுவில் கொட்டி வைத்தவருக்கு ஒன்றும் இல்லை.

"பசங்க போனைப் பார்த்துக்கிட்டே நிக்கிறாங்க டீச்சர்." சரி, நிற்கிறார்கள். அந்த வேலையில் போன் கூடாது, காதில் எதுவும் மாட்டக்கூடாது என்று ஒரு நாளாவது உட்கார வைத்துச் சொன்னீர்களா? அது முக்கியமான வேலை என்று நீங்களே நினைக்காதபோது அவன் ஏன் நினைப்பான்?

"தனியா ஒரு ஆள் போட்டா கட்டுப்படி ஆகாது." இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தத் தகப்பனாரிடம் போய்ச் சொல்லுங்கள்.

விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் நான் புரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். ஒரு கரும்பலகையில் அடங்கும் பாடம்தான்.

1. வண்டி நகரும் முன் டிரைவரும் வழி சொல்பவரும் நேரில் பேச வேண்டும். வா, நில், மெதுவாக, இந்தப் பக்கம் என்பதற்கு என்ன சைகை என்று செய்து காட்டி ஒத்துக்கொள்ள வேண்டும்.

2. வண்டி வரப்போகும் வழியை ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். கீழே பள்ளம், குவியல், கம்பி. மேலே மின் கம்பி. டிப்பர் தொட்டியைத் தூக்கும்போது மின் கம்பியில் பட்டால் யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

3. நேர் பின்னால் நிற்கக்கூடாது. பக்கவாட்டில், டிரைவர் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். வண்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒருபோதும் கூடாது. சைகை காட்டிக்கொண்டே பின்னோக்கி நடக்கக்கூடாது. இடம் மாற வேண்டுமென்றால் முதலில் வண்டியை நிறுத்து, பிறகு மாறு.

4. வழி சொல்பவர் கண்ணில் இருந்து மறைந்த அந்த நொடியே டிரைவர் நிறுத்த வேண்டும். எல்லா விதியும் மறந்தாலும் இந்த ஒன்று மறக்கக்கூடாது. ஆள் தெரியவில்லை என்றால் நில்.

5. 'வா' சொல்ல ஒரே ஒருவர்தான். ஆனால் 'நில்' என்று யார் சொன்னாலும் வண்டி நிற்க வேண்டும். அது மேஸ்திரியாக இருந்தாலும் சரி, செங்கல் சுமக்கும் அம்மாவாக இருந்தாலும் சரி.

6. வழி சொல்லும்போது வேறு வேலை கூடாது. ஒளிரும் சட்டை வேண்டும். இரவு என்றால் கையில் விளக்கும் வேண்டும்.

7. ஜேசிபி, பொக்லைன் என்றால் பின்னால் மட்டும் ஆபத்து இல்லை. பொக்லைன் உடல் சுழலும்போது அதன் பின்பாகம் சுவரோடு வைத்து நசுக்கிவிடும். அது சுழலும் வட்டத்துக்குள் யாரும் போகக்கூடாது.

இதைக் கற்றுக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அரை நாள். செய்து காட்டி, திருப்பிச் செய்யச் சொல்லி, டிரைவர் சீட்டில் அவனை உட்கார வைத்து 'பார், பின்னால் என்ன தெரிகிறது?' என்று கேட்டால் ஒரு நாள். ஒரு குழந்தைக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுக்க எனக்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தார்கள். மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டி, தப்பைத் திருத்திக்கொண்ட பிறகுதான் சாக்பீஸைக் கையில் கொடுத்தார்கள். 28 டன் வண்டியைக் கையசைவில் நடத்தப் போகிறவனுக்கு ஒரு நாள் கொடுக்க முடியாதா?

இதுவரை மற்றவர்களைத் திட்டினேன். இனி என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அந்தப் பையன் படிப்பில் சுமார். கணக்கு வராது. ஒரு நாள் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாமல் நின்றபோது, நாற்பது பிள்ளைகள் முன்னால் நான் சொன்னேன்: "நீயெல்லாம் லாரிக்குப் பின்னால நின்னு வா வா சொல்லத்தான் லாயக்கு." வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். எனக்கு அது மறந்தே போயிருந்தது. போன வாரம் அவனைப் பார்க்கப் போனபோது, கட்டிலில் படுத்தபடியே அவன்தான் ஞாபகப்படுத்தினான். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, "டீச்சர், நீங்க சொன்ன வேலைதான் பார்த்தேன்" என்றான்.

அந்த வேலைக்கு ஒன்றும் தெரிய வேண்டாம், ஒன்றுக்கும் ஆகாதவனை அங்கே நிறுத்தலாம் என்று சூப்பர்வைசருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? என்னைப் போன்ற டீச்சர்களும்தான். நாங்கள் வகுப்பில் வைத்து ஏளனம் செய்த வேலையைத்தான் அவர் சைட்டில் வைத்து ஏளனம் செய்தார். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க டீச்சர்" என்றான். விட முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு வருகிறேன். "இல்லைங்க, தப்பு அவன் மேல இல்லை" என்றேன். இன்னொன்றும் சொன்னேன், இது எல்லாருக்கும் தெரிய வேண்டும். வேலை நேர விபத்துக்கு இழப்பீடு தரும் சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. 'கவனக்குறைவு' என்று நாலு எழுத்து எழுதிவிட்டால் இழப்பீடு இல்லாமல் போகாது. குடித்திருந்தான், வேண்டுமென்றே விதியை மீறினான் என்பது போன்ற காரணங்களைக் காட்டினால்தான் மறுக்க வழி உண்டு. அதுவும் உயிர் போனால் செல்லாது. சொல்லியே தராத விதியை வேண்டுமென்றே எப்படி மீற முடியும்? காண்டிராக்டர் கைவிட்டால் வேலையைக் கொடுத்த முதலாளியிடமும் கேட்கலாம். ஆகவே யாராவது கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதம் நீட்டினால், படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் போடாதீர்கள். ஊருக்கு ஒரு ரிட்டயர்டு வாத்தியாராவது இருப்பார். எங்களுக்கும் வேறு வேலை இல்லை.

காண்டிராக்டர்களுக்கு: வழி சொல்கிற வேலைக்கு ஒரு பெயர் கொடுங்கள். டெண்டரில் அதற்கு ஒரு வரி போடுங்கள். பயிற்சி கொடுத்து அட்டை கொடுங்கள். அன்றைக்கு அந்த ஆள் வரவில்லை என்றால் வண்டி பின்னால் வரக்கூடாது. டிரைவர் வராத நாளில் டிப்பரைச் சித்தாளிடம் கொடுப்பீர்களா? அதே மாதிரிதான் இதுவும்.

தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு: சைட்டுக்குப் போகும்போது ஹெல்மெட் எண்ணுவதோடு ஒரு கேள்வியும் கேளுங்கள். "இங்கே வண்டிக்கு வழி சொல்வது யார்? அவரைக் கூப்பிடுங்கள்." வருகிறவர் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்: "பின்னாடி போய் நில்லு" என்று யார் சொன்னாலும், கண்ணாடியில் டிரைவர் முகம் தெரிகிறதா என்று பார். தெரியவில்லை என்றால் அங்கே நிற்காதே. வேலை போனால் போகட்டும். வேறு வேலை கிடைக்கும்.

உங்கள் தெருவில் வீடு கட்ட எம்-சாண்ட் லாரி வரும்போதும் இதே பாடம்தான். சின்னப் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளுங்கள். தெருவில் போகிற ஒரு பையனைக் கூப்பிட்டுப் பின்னால் நிறுத்தாதீர்கள்.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, பிரிண்ட் எடுத்து சைட் ஆபீஸில் ஒட்டினாலும் சரி, என் பெயர் போட வேண்டாம். அந்த ஏழு விதிகள் மட்டும் இருந்தால் போதும். கமென்ட்டில் சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம். வருவதற்கு முன் ஒரு தடவை நிறுத்தியிருக்கும் லாரிக்கு நேர் பின்னால் போய் நின்று, டிரைவர் தெரிகிறாரா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.